அடுத்த கொட்டிலில் யாருக்குச் சுகமில்லை?

வயல் செய்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பயிர் நின்று பிடித்த பின், விடியற்காலையில் எழுந்து வரம்பு வழியே ஒரு சுற்று நடந்து வராத கமக்காரர் எவரும் இல்லை. நடு வயலில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே இறங்கி, பயிரின் அடியைப் பிரித்துப் பார்ப்பார். அங்கே அறக்கொட்டியான் இருந்தால் தனது வயலுக்கு மட்டும் மருந்தடித்துவிட்டுப் பேசாமல் இருக்கமாட்டார். பக்கத்து வயற்காரருக்கும் சொல்வார், விவசாயப் போதனாசிரியருக்கும் சொல்வார். ஒரு கிழமை பொறுத்தால் முழு வெளியும் வட்டம் வட்டமாக எரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

வயலுக்குச் செய்யும் இந்தக் காவலை எமது பிள்ளைகளின் உடம்புக்கு நாம் செய்கிறோமா? சொந்த ஊரை விட்டு வந்து பாடசாலையிலும், பொது மண்டபத்திலும், தறப்பாள் கொட்டிலிலும், உறவினரின் விறாந்தையிலும் தங்கியிருக்கும் நாட்களில் செய்கிறோமா? இந்தப் பாடத்தில் நாம் சிந்திக்கப்போவது இதைப் பற்றித்தான்.

சுகாதாரத் துறையினர் இதை நோய்க் கண்காணிப்பு என்று அழைக்கின்றனர். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை மூன்றுதான். யாருக்கு என்ன வருத்தம் என்று கவனிப்பது, அதை எண்ணி எழுதுவது, உரியவருக்கு அன்றைக்கே சொல்வது. இந்த மூன்றையும் செய்வதற்கு வைத்தியப் படிப்புத் தேவையில்லை. ஆனால் இவற்றைச் செய்யாமல் விட்டால், படித்த வைத்தியருக்கும் செய்தி பிந்தியே போய்ச் சேரும்.

என் கொப்பியில் இல்லாத கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரி வெள்ளத்தில் ஏறக்குறைய அறுபது குடும்பங்கள் ஒரு பாடசாலையில் வந்து தங்கின. அவர்களுக்கான உதவிகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. என் கொப்பியில் எல்லாக் கணக்கும் இருந்தது. எத்தனை மூடை அரிசி, எத்தனை கிலோ பருப்பு, எத்தனை பாய், எத்தனை நுளம்புவலை என்று நாளுக்கு நாள் எழுதி வைத்திருந்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்ற கணக்கு மட்டும் அதில் இல்லை.

ஆறாம் நாள் இரவு ஒரு கைக்குழந்தையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளம் நின்ற வீதியால் வைத்தியசாலைக்குப் போனோம். வழியிலேயே பிள்ளை இறந்துவிட்டது.

மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அவர் எவரிலும் குறை சொல்லவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். முதலில் வருத்தம் வந்தது யாருக்கு, எப்போது? இதுவரை எத்தனை பேருக்கு? அவர்கள் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள்? மூன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. இருவருமாக வகுப்பறை வகுப்பறையாகப் போய் விசாரித்தோம். பதினொரு குடும்பங்களில் பதினான்கு பேருக்கு வயிற்றோட்டம் வந்திருந்தது. முதலாவது ஆள் நாங்கள் வந்த இரண்டாம் நாளே சுகமில்லாமற் போயிருந்தார். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் பாடசாலையின் பின்பக்கக் கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். அந்தக் கிணற்றின் கட்டு பதிவு. வெள்ளம் ஏறிய இரவில் மலசலகூடப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீர் அதற்குள் விழுந்திருந்தது.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எடுத்த நேரம் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தை மூன்றாம் நாள் செலவழித்திருந்தால் கிணற்றை மூடியிருப்போம்.

ஒரு தாய் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "எங்கட பிள்ளைக்கு மட்டும்தான் எண்டு நினைச்சம் சுவாமி. சாப்பாடு ஒத்துவரேல்லை எண்டு விட்டிட்டம்." பதினொரு குடும்பமும் அப்படித்தான் நினைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் தம் வீட்டு வருத்தம் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அங்கே ஒருவர் இருக்கவில்லை.

இலண்டனில் ஒரு கைப்பம்பி

வீடு வீடாகப் போய் விசாரித்து நோயின் ஊற்றைக் கண்டுபிடித்த வரலாறு பழையது. 1854ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் இலண்டனின் சோகோ பகுதியில் வாந்திபேதி வெடித்தது. சில வாரங்களில் அந்தச் சிறிய பகுதியில் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றால்தான் இந்நோய் வருகிறது என்று அக்காலத்து வைத்தியர்களில் பலர் நம்பினர். ஜோன் சினோ என்ற வைத்தியர் தண்ணீரைச் சந்தேகித்தார். இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தபோது, பெரும்பாலானவை புரோட் வீதியில் இருந்த ஒரு கைப்பம்பியைச் சுற்றியே இருந்தன. அருகிலேயே 500க்கு மேற்பட்டோர் தங்கியிருந்த ஏழைகள் விடுதி ஒன்றில் ஐந்து பேர் மட்டுமே இறந்திருந்தனர். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. சினோ எடுத்துச் சொன்னதன் பேரில் செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பியின் கைப்பிடி கழற்றப்பட்டது.

அந்தப் பகுதியில் ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் அங்கிலிக்கன் குருவானவர் பணியாற்றினார். சினோ சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. அது பிழை என்று காட்டவே தானும் விசாரிக்கப் புறப்பட்டார். மக்கள் அவருக்குப் பழக்கமானவர்கள், ஆகவே கதவு திறந்து கதைத்தார்கள். விசாரிக்க விசாரிக்க, சினோ சொன்னதே சரி என்பது அவருக்குத் தெளிவாயிற்று. இறுதியில் முதல் நோயாளியையும் அவரே கண்டுபிடித்தார். பம்பிக்கு முன்னால் இருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றோட்டத்தால் இறந்திருந்தது. அதன் தாய் அழுக்குத் துணிகளைக் கழுவிய தண்ணீரை வீட்டு மலக்குழியில் ஊற்றியிருந்தாள். தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் மூன்று அடி தூரம்கூட இருக்கவில்லை. குழியின் சுவரும் இடிந்திருந்தது.

நோயின் கிருமியை அந்த நகரத்தில் அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. வீடுகளை எண்ணியதாலும், சனம் நம்பிக் கதைத்ததாலுமே ஊற்று வெளிப்பட்டது. எமது முகாமில் இந்த இரண்டையும் செய்யக்கூடியவர்கள் நாமே.

இடம்பெயர்ந்தோர் மத்தியில்

சனம் திடீரென ஓரிடத்தில் கூடும்போது நோய்க்கு வழி திறக்கிறது. பத்துப் பேர் கிடக்கும் இடத்தில் ஐம்பது பேர் கிடக்கிறோம். ஒரு கிணற்றில் நூறு வாளி விழுகிறது. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை தொலைந்துவிடுகிறது, ஊசி போடும் திகதியும் தவறிவிடுகிறது. பசியாலும் களைப்பாலும் உடம்பின் பலம் குறைகிறது.

1994ஆம் ஆண்டு யூலையில் ருவாண்டாவிலிருந்து தப்பியோடிய இலட்சக்கணக்கான மக்கள் அயல்நாட்டின் கோமா நகரைச் சுற்றித் தங்கினர். வாந்திபேதியும் இரத்தக் கழிச்சலும் பரவின. முதல் ஒரு மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர்.

ஆனால் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1971இல் வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பொங்காவ் எல்லையில் அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் முடிந்துபோனது. வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சீனியும் கலந்த கரைசலைத் தயாரிக்கச் செய்து, நோயாளரின் உறவினரிடமே கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது. நாம் இன்று ஜீவனி என்று வாங்கும் பொதியின் பயன் உலகுக்கு நிரூபணமானது ஓர் அகதி முகாமில்தான்.

எமது நாட்டின் அனுபவமும் உண்டு. 2004 டிசெம்பர் கடல்கோளின் பின் பெரிய கொள்ளைநோய் வரும் என்று எல்லாரும் அஞ்சினர். அப்படி எதுவும் வரவில்லை. தண்ணீரையும் மலசலகூடத்தையும் விரைவாகக் கவனித்ததும், முகாம்களில் நோயாளர் கணக்கைத் தொடர்ந்து பார்த்து வந்ததும் அதற்கு உதவின. 2009இல் வவுனியா நலன்புரி நிலையங்களின் நெருக்கத்தில் செங்கண்மாரியும் கொப்பளிப்பானும் பரவியதை உங்களில் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

செய்தி எப்படி மேலே போகிறது?

இலங்கையில் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கான கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன்படி வாந்திபேதி, டெங்கு, எலிக்காய்ச்சல், செங்கண்மாரி, நெருப்புக்காய்ச்சல், சின்னமுத்து, இரத்தக் கழிச்சல் போன்ற நோய்களில் ஒன்று என்று சந்தேகித்தாலே வைத்தியர் அறிவிக்க வேண்டும். எச் 544 என்ற படிவம் அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். அவரது பணிப்பின்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ஒவ்வொரு கிழமையும் எல்லாப் பகுதிகளின் கணக்கும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவில் சேரும்.

இது நல்ல ஏற்பாடு. மலேரியாவை எடுத்துப் பாருங்கள். 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற நோய், 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே இருந்தது. ஒழிந்துவிட்டது என்று நினைத்துக் காவலைத் தளர்த்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா வந்தது. பின்னர் மீண்டும் காவலை இறுக்கி, போர் நடந்த காலத்திலும் நடமாடும் குருதிப் பரிசோதனைகளை நடத்தினார்கள். 2012 ஒக்ரோபரின் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லாமற்போக, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எண்ணுவதை நிறுத்தியபோது என்ன நடந்தது, தொடர்ந்தபோது என்ன நடந்தது என்ற இரண்டையும் எமது நாடே கண்டிருக்கிறது.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஓர் இடைவெளி உண்டு. நோயாளி வைத்தியரிடம் போன பின்னரே அந்தப் படிவம் எழுதப்படும். கொட்டிலுக்குள் படுத்திருந்து கைமருந்து குடிப்பவரை எந்தப் படிவமும் அறியாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் அயலவர்கள்தான்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

நோயின் பெயரைச் சொல்ல வேண்டியது வைத்தியர். நாம் பார்க்க வேண்டியது அறிகுறிகளை.

1. வயிற்றோட்டம்: ஒரு நாளில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போதல். சோற்றுக்கஞ்சித் தண்ணீர்போல் ஓயாது போய், கண் குழிந்து, நாக்கு வரண்டு, வளர்ந்த ஒருவர் சில மணித்தியாலங்களில் துவண்டுவிட்டால் அது வாந்திபேதியாக இருக்கலாம். அப்படி ஒரே ஒருவர் இருந்தாலும் உடனே அறிவிக்க வேண்டும்.

2. இரத்தமும் சளியும் கலந்து போதல்.

3. காய்ச்சலுடன் உடம்பில் செந்தடிப்பு, இருமல், மூக்கு வடிதல், கண் சிவத்தல்: இது சின்னமுத்தாக இருக்கலாம். இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக 2019இல் சான்று பெற்றது. 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. தடுப்பூசி தவறிய பிள்ளைகள் கூடியிருக்கும் இடத்தில் இது மிக வேகமாகப் பரவும். ஒரு பிள்ளைக்கு வந்தாலும் அறிவியுங்கள்.

4. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாதல், சாப்பாட்டில் வெறுப்பு.

5. வயல் வேலை செய்தவருக்கு, அல்லது வெள்ளத்தில் நின்றவருக்குக் காய்ச்சல், கடும் தலையிடி, கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல்: இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலிலுள்ள சிறு காயத்தினூடாக உடம்புக்குள் போய்விடும். 2024 நவெம்பர் இறுதி வெள்ளத்தின் பின், டிசெம்பரில் யாழ் மாவட்டத்தில் சிலர் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தபோது, இனந்தெரியாத காய்ச்சல் என்றே முதலில் பேச்சு அடிபட்டது. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. வயலில் இறங்கியதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கும். வயலில் இறங்குமுன் தடுப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

6. கடும் காய்ச்சலுடன் உடம்பு நோவு, கண்ணுக்குப் பின்னால் நோவு: இது டெங்காக இருக்கலாம். பரசிட்டமோல் தவிர்ந்த நோக்குளிசைகளை வாங்கிக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் விட்டதும் சுகம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வயிற்று நோவு, தொடர்ந்த வாந்தி, கை கால் குளிர்தல் என்பன அப்போதுதான் வரும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

7. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையோ காலோ திடீரெனத் தளர்ந்துபோதல். 1993க்குப் பின் எமது நாட்டில் இளம்பிள்ளைவாதம் இல்லை. அது திரும்பி வராமல் காக்க, இப்படியான ஒவ்வொரு பிள்ளையும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

8. ஒரே சாப்பாட்டை உண்ட பலருக்கு ஒரே நேரத்தில் வாந்தி, வயிற்று நோவு.

ஒரு கொப்பி, ஆறு நிரல்

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். கோடு கீறி ஆறு நிரல் போடுங்கள்: திகதி, கொட்டில் இலக்கம், வயதும் ஆணா பெண்ணா என்பதும், என்ன அறிகுறி, தண்ணீர் எடுக்கும் இடம், என்ன செய்யப்பட்டது.

பெயர் எழுத வேண்டாம். இதை நான் யோசித்தே சொல்கிறேன். எமது மக்கள் பட்டியல்களுக்குப் பயந்தவர்கள். ஒருவர் கொப்பியோடு வாசலுக்கு வந்தால் எதற்காக எழுதுகிறார், எங்கே கொடுக்கப் போகிறார் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆகவே கொட்டில் இலக்கம் போதும். கொப்பியைச் சுகாதார ஊழியரைத் தவிர வேறு எவருக்கும் காட்டுவதில்லை என்று முகாம் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் தீர்மானம் செய்யுங்கள். அந்தத் தீர்மானத்தைக் காப்பாற்றவும் வேண்டும்.

பத்துக் கொட்டிலுக்கு ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். அவர் பெண்ணாக இருப்பது நல்லது. பிள்ளையின் வருத்தத்தைத் தாய்மார் அவரிடம் தயக்கமின்றிச் சொல்வார்கள். அதிகம் படித்தவர் வேண்டுமென்பதில்லை. எழுதத் தெரிந்தவராக, வாய் காப்பவராக, எல்லார் வாசலுக்கும் போகக்கூடியவராக இருந்தால் போதும். அவர் மாலையில் ஒரு சுற்று வந்து "இண்டைக்கு ஆருக்காவது சுகமில்லையோ அக்கா?" என்று கேட்பார். எவருக்கும் ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். வெறும் பக்கத்தைப் பார்த்தால், ஆள் போகவில்லையா, வருத்தம் இல்லையா என்று பின்னர் தெரியாது.

எப்போது, யாருக்குச் சொல்வது?

வாந்திபேதி, சின்னமுத்து, கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒருவர் என்றாலும் அன்றைக்கே. மற்றவற்றில், ஒரே கிணற்றையோ ஒரே வரிசையையோ சேர்ந்த இரண்டு மூன்று குடும்பங்களில் ஒரே அறிகுறி ஒரு கிழமைக்குள் வந்தால் அன்றைக்கே. கரணம் தெரியாத மரணம் ஒன்று நடந்தாலும் அன்றைக்கே. "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்பதுதான் எமக்கு மிகவும் நட்டம் தந்த வார்த்தை. நாம் சொன்னது பிழையாகப் போனால் பரிசோதகருக்கு ஒரு பயணம் வீண், அவ்வளவே.

குடும்பநல மருத்துவமாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆகிய மூவரின் தொலைபேசி இலக்கத்தையும் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் மருத்துவமாது யார் என்றே எமக்குத் தெரியாமல் இருக்கும். வந்த முதல் கிழமையிலேயே கிராம அலுவலரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சொல்லும்போது நான்கு விடயங்களைச் சொல்லுங்கள்: என்ன அறிகுறி, எத்தனை பேருக்கு, எப்போது தொடங்கியது, எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள்.

ஏன் மறைக்கிறோம்?

எமது மக்கள் வருத்தத்தை மறைப்பது அறியாமையால் மட்டுமல்ல. அதற்குக் காரணங்கள் உண்டு. கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் வைத்தியசாலையில் நின்றால் அன்று அடுப்பு எரியாது. அயலூர்ச் சனம் "முகாமாக்கள் கொண்டுவந்த வருத்தம்" என்று சொல்லி வேலைக்குக் கூப்பிடாமல் விடலாம். கிணற்றில் தண்ணீர் அள்ள விடாமல் தடுக்கலாம். 2020இல் கொவிட் பரவியபோது, தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று காய்ச்சலை மறைத்தவர்களை நாம் அறிவோம். கொப்பளிப்பானும் சின்னமுத்தும் அம்மாள் வருத்தம், வெளியே சொல்லக் கூடாது என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு.

இவற்றை ஏளனம் செய்து பயனில்லை. வேப்பிலை கட்டுவதால் எவருக்கும் தீங்கில்லை. வேப்பிலையையும் கட்டுங்கள், மருத்துவமாதுக்கும் சொல்லுங்கள். வைத்தியசாலைக்குப் போகும் குடும்பத்தின் மற்றப் பிள்ளைகளுக்கு அன்றைய சாப்பாட்டைப் பக்கத்துக் கொட்டில்கள் பொறுப்பெடுக்கட்டும். முகாமில் வருத்தம் வந்தால் அயலூர்ச் சங்கத்துக்கு நாமே முந்திச் சொல்வோம். கிணறும் நுளம்பும் இரு பகுதிக்கும் பொதுவானவை. யார் கொண்டுவந்தது என்று தேடுவதை விட்டு, எதனால் பரவுகிறது என்று தேடுவதே இரு பகுதிக்கும் நன்மை. சொன்னவருக்கு நட்டம் வரும் இடத்தில் எவரும் இரண்டாம் முறை சொல்லமாட்டார்கள்.

மாரிக்கு முன் செய்ய வேண்டியவை

விதைநெல்லைத் தேடுவது போல, இதற்கும் மழைக்கு முன்பே ஆயத்தம் வேண்டும்.

கிணறு: கட்டைச் சுற்றி உயர்த்துங்கள், தண்ணீர் வெளியே வழிந்தோட வழி செய்யுங்கள். எல்லார் வாளியும் விழாமல், கிணற்றுக்கென ஒரு வாளி மட்டும் இருக்கட்டும். வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை குடிக்க வேண்டாம். குளோரின் அளவைப் பரிசோதகரே தீர்மானிப்பார். குடிப்பதற்குக் கொதித்தாறிய நீர்.

மலசலகூடம்: சர்வதேச நியமம் இருபது பேருக்கு ஒன்று, கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தூரம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் வெடிப்புகளினூடாக அழுக்கு தூரத்துக்கும் போகும், ஆகவே அங்கு இன்னும் தள்ளி அமையுங்கள். பக்கத்தில் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கட்டும்.

ஜீவனி: பத்துக் கொட்டிலுக்குச் சில பொதிகள் கையிருப்பில் வேண்டும். பொதியில் எழுதிய அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பொதியையும் கரைத்து, ஒரு நாளுக்குள் பாவித்து முடிக்க வேண்டும். பொதி கிடைக்காவிடில் ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குங்கள். உப்பு கூடினால் ஆபத்து. தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்த வேண்டாம். பிள்ளை குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கண்ணைச் சொருகினாலோ காத்திருக்க வேண்டாம்.

தடுப்பூசி அட்டை: காணியுறுதியோடும் அடையாள அட்டையோடும் ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். தொலைந்திருந்தால் மருத்துவமாதிடம் சொல்லுங்கள்.

வாகனம்: இரவில் நோயாளியைக் கொண்டுபோக யாருடைய வாகனம், எந்த வழி, வெள்ளம் நின்றால் மாற்று வழி எது என்பதை இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள்.

அந்தப் பாடசாலையில் எங்களிடம் உழவு இயந்திரம் இருந்தது, ஜீவனி இருந்தது, மனமுள்ள சனமும் இருந்தது. எண்ணிக் கேட்பதற்கு ஒருவர் மட்டும் இருக்கவில்லை. அதன் பின் நான் போகும் முகாம்களில் அரிசிக் கணக்குக்கு முன் அந்தக் கொப்பியைத்தான் கேட்கிறேன். உங்கள் இடத்தில் அது இன்னும் தொடங்கப்படவில்லை என்றால், இந்தக் கட்டுரையை வாசித்து முடித்ததும் பக்கத்துக் கொட்டிலுக்குப் போய், அங்கே எல்லாரும் சுகமா என்று கேளுங்கள். அந்தப் பதிலை முதல் வரியாக எழுதுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. கடந்த ஒரு மாதத்தில் எமது வரிசையில் யார் யாருக்கு என்ன வருத்தம் வந்தது? எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

2. எமது கிணற்றுக்கும் அருகிலுள்ள மலசலகூடத்துக்கும் இடையில் எத்தனை அடி? இன்றே அளந்து பார்க்க முடியுமா?

3. எமது முகாமில் வருத்தத்தை மறைக்க வைக்கும் காரணங்கள் எவை? அவற்றில் எதை நாமே நீக்கலாம்?

4. பத்துக் கொட்டிலுக்கு ஒருவராக யாரைத் தெரிவுசெய்யப் போகிறோம்? அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி என்ன?